குடும்ப வன்முறையும் அகதிச் சட்டமும்

1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை, இனம், சமயம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தனுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரையே அகதி என வரையறுத்தது. அப்பட்டியலில் பாலினம் இல்லை. ஆகவே கணவனின் அடிக்குத் தப்பி அயல்நாட்டில் புகலிடம் கோரிய பெண்ணின் முறையீடு, வீட்டு விவகாரம் என்றே நெடுங்காலம் தள்ளப்பட்டது. அவளுக்குத் திறக்கக்கூடியதாக இருந்த வாயில், சுவீடன் பிரதிநிதியின் முன்மொழிவால் இறுதிக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட 'சமூகக் குழு' என்னும் தெளிவற்ற தொடரே. சேர்த்தவர் மனத்தில் மனைவியர் இருந்திருப்பார்கள் என்று கொள்வதற்கில்லை.

1993இல் கனடா பெண் அகதிகளுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எனினும் கோட்பாட்டைத் துலக்கியது, கணவரால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, நாடு திரும்பினால் முறைகேடான உறவு என்ற பொய்ப்பழிக்கு ஆளாகவிருந்த இரு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கில், 1999 மார்ச்சில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பாகும். கொடிய தீங்கும், அதிலிருந்து காக்க அரசு தவறுவதும் சேர்ந்ததே துன்புறுத்தல் என்பது அதன் சாரம். நாஜி ஜெர்மனியில் யூத வணிகர் ஒருவரைத் தொழிற்போட்டியாளர் தாக்க, அவர் யூதர் என்பதாலேயே காவலர் வாளாவிருந்தால், தாக்கியவரின் நோக்கம் எதுவாயினும் அது இனத்தின் பொருட்டான துன்புறுத்தலே என்று நீதிபதி ஹாஃப்மன் விளக்கினார். கணவனின் கோபத்துக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் இத்தெளிவு நிலைக்கவில்லை. குவாத்தமாலாவிலிருந்து 1995இல் தப்பிவந்த பெண்ணொருவருக்குக் குடியேற்ற நீதிபதி 1996இல் வழங்கிய புகலிடத்தை, கணவன் அடித்தது அவர் ஒரு குழுவினர் என்பதற்காக அன்று எனக் கூறி மேல்முறையீட்டு வாரியம் 1999இல் பறித்தது. 2009 டிசம்பரில்தான் அவருக்கு அது மீண்டும் கிடைத்தது. அங்குக் குடியேற்ற நீதிமன்றங்கள் நீதித்துறை அமைச்சகத்துக்கு உட்பட்டவை. அமைச்சகத் தலைவரான அட்டர்னி ஜெனரல் அவற்றின் முடிவுகளைத் தாமே மாற்றலாம். எனவே, கணவனைவிட்டு விலக முடியாத மனைவியரும் ஒரு சமூகக் குழுவாகலாம் என 2014இல் வாரியம் முன்னுதாரணமாக ஏற்ற கொள்கை 2018இல் நீக்கப்பட்டு, 2021இல் மீட்கப்பட்டு, 2025 செப்டம்பரில் மறுபடியும் கைவிடப்பட்டது.