108 ஆம்புலன்ஸில் பின்பக்கம் உட்கார்ந்து வருபவர் யார்? ஒரு மருத்துவ உதவியாளரின் வேலை எப்படி இருக்கும்?

108-க்கு போன் போட்டால் வண்டி வரும், தெரியும். அந்த வண்டியில் டிரைவரைத் தவிர இன்னொருத்தர் வருவார். கையில் பையோடு முதலில் இறங்கி ஓடுகிறவர் அவர்தான். சிலர் அவரை 'டாக்டர்' என்பார்கள், சிலர் 'சிஸ்டர்' என்பார்கள், பதற்றத்தில் இருப்பவர்கள் 'யோவ், சீக்கிரம் தூக்குய்யா' என்பார்கள். அவர் டாக்டர் இல்லை. நர்சிங் படித்தவராக இருக்கலாம், விலங்கியல் பட்டதாரியாகவும் இருக்கலாம். அவருடைய பதவியின் பெயர் அவசரகால மருத்துவ உதவியாளர். சுருக்கமாக இஎம்டி. கூட வரும் டிரைவரை பைலட் என்று அழைக்கிறார்கள்.

இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் 'பாராமெடிக்கல்' என்றால் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என எல்லா படிப்பும் அதில் அடங்கும். வெளிநாட்டில் 'பாராமெடிக்' என்றால் ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருபவர் மட்டும்தான். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஆளைப் பற்றியது.

யார் சேரலாம்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டு நடத்துவது இஎம்ஆர்ஐ கிரீன் ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம். இப்போது 1,300-க்கும் அதிகமான வண்டிகள் ஓடுகின்றன. மாவட்ட வாரியாக வரும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: பி.எஸ்சி. நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம், டிஎம்எல்டி படித்தவர்கள் அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியல் மற்றும் முதலுதவி பற்றிய நேர்முகம், அப்புறம் ஹெச்.ஆர். இன்டர்வியூ. தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி. வகுப்பறையிலும், ஆஸ்பத்திரியிலும், ஆம்புலன்ஸிலுமாக அது நடக்கும்.

50 நாள் போதுமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பிரிட்டனில் பாராமெடிக் என்ற பெயரைப் பயன்படுத்தவே சட்டப்படி பதிவு வேண்டும், புதிதாகப் படித்து வருபவர்களுக்கு அநேகமாக பட்டப்படிப்புதான் வழி. நம்மிடமும் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சை தொழில்நுட்பம் என்று தனிப் படிப்பு இருக்கிறது. ஆனால் 108 வண்டியில் ஏற அது கட்டாயமில்லை.

12 மணி நேரம்

பகல், இரவு என இரண்டு ஷிப்ட். ஒவ்வொன்றும் 12 மணி நேரம். டியூட்டி மாறும்போது முதல் வேலை வண்டியைச் சரிபார்ப்பது. ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கு, சளி உறிஞ்சும் மெஷின் ஓடுதா, கழுத்துப் பட்டை, ஸ்ட்ரெச்சர், பிரசவ கிட், குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் இருக்கா என்று பார்க்க வேண்டும். முந்தைய ஷிப்டில் ரத்தம் சிந்தியிருந்தால் கழுவ வேண்டும். யாரும் படம் எடுத்துப் போடாத வேலை இது.

வண்டி நிற்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையமாகவோ, போலீஸ் ஸ்டேஷன் வாசலாகவோ, ஹைவே ஜங்ஷனாகவோ இருக்கும். பக்கத்தில் கழிவறை இருக்கா, இரவு உட்கார ஒரு அறை இருக்கா என்பது பெண் ஊழியர்களுக்கு சாதாரண விஷயமே இல்லை. சாப்பாட்டு நேரம் என்று தனியாக எதுவும் கிடையாது. கால் வந்தால் பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

காலி வண்டிக்கு ஏன் சைரன்?

நீங்கள் 108-ஐ அழைத்தால் அது சென்னை கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கே இடம், பிரச்னை எல்லாம் கேட்டு, அருகில் இருக்கும் வண்டிக்குத் தகவல் தருவார்கள். வண்டி கிளம்பும்போது உள்ளே நோயாளி இருக்க மாட்டார். நோயாளியிடம் சேரத்தானே அந்த ஓட்டம்! 'உள்ளே யாருமே இல்லை, சும்மா சைரன் போட்டுட்டு வர்றான்' என்று வண்டியை மறிப்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. 2025 ஆகஸ்டில் அரசியல் பிரசாரக் கூட்டங்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் வந்ததை ஒட்டி எவ்வளவு பெரிய சர்ச்சை ஆனது என்பது நினைவிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் 'நோயாளி உள்ளே இருந்தால் மட்டும்' என்று சொல்லவில்லை.

ஸ்பாட்டில் என்ன நடக்கும்?

விபத்து என்றால் கூட்டம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தூக்கிப் போடு, ஓடு. உதவியாளர் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். முதலில் அந்த இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பி, கசியும் பெட்ரோல் இருந்தால் அவரும் இன்னொரு நோயாளி ஆகிவிடுவார். பிறகு மூச்சுப் பாதை, ரத்தப்போக்கு, சுயநினைவு. கழுத்தில் பட்டை மாட்டி, முதுகெலும்பு அசையாமல் பலகையில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் கை கால் பிடித்துத் தூக்கினால், நடக்கக்கூடிய ஆள் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேரலாம். இதை விளக்கிக்கொண்டிருக்கவும் நேரமிருக்காது. அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் 'என்னய்யா லேட் பண்ற' என்று கை ஓங்குகிறார்கள்.

மருத்துவமனைகளையும் மருத்துவப் பணியாளர்களையும் பாதுகாக்க 2008-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தில் தாக்குதலுக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. ஜாமீனும் எளிதில் கிடைக்காது. ஆனால் நடுராத்திரி ஒரு ஒத்தையடிப் பாதையில் இரண்டே பேர் நிற்கும்போது சட்டப்புத்தகமா துணைக்கு வரும்?

பாம்புக்கடி கேஸில் வேறு மாதிரி சிக்கல். கடித்த இடத்துக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள், பிளேடால் கீறியிருப்பார்கள். இரண்டுமே கூடாது. கட்டிய கயிற்றைப் பார்த்ததும் படக்கென்று அவிழ்ப்பதும் ஆபத்து. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டு, காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் பிரசவம். 108 என்றாலே விபத்து என்று நினைக்கிறோம், உண்மையில் கர்ப்பிணிகளுக்கான அழைப்புகள் ரொம்பவே அதிகம். கொல்லிமலை, கல்வராயன் மலை மாதிரி இடங்களில் வளைவுப் பாதையில் இறங்கும்போதே வலி முற்றிவிடும். குழந்தையின் தலை தெரிந்துவிட்டால் வேகமாக ஓட்டுவதில் பிரயோஜனம் இல்லை, வண்டியை ஓரம் கட்டத்தான் வேண்டும். பைலட் டார்ச் பிடிப்பார். பிறந்த குழந்தையைத் துடைத்து, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தி, தொப்புள்கொடியில் கிளிப் போட வேண்டும். அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்து, தேவைப்பட்டால் சின்ன மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். 'ஆம்புலன்ஸில் அழகான பெண் குழந்தை' என்று நாங்கள் போடும் இரண்டு வரிச் செய்திக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதயம் நின்றுபோனால் சிபிஆர். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் நெஞ்சை அழுத்த வேண்டும். வீட்டுத் தலையணையில் ஒரு நிமிடம் செய்து பாருங்கள். இதையே ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும் வண்டியில், ஒற்றை ஆளாகச் செய்கிறார்கள்.

உயிர் இல்லை என்றால்?

இதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. இறந்துவிட்டார் என்று சான்று தர உதவியாளருக்கு அதிகாரம் இல்லை, அது டாக்டரின் வேலை. அதே நேரம், இறந்தவரின் உடலைக் கொண்டுபோக 108 வண்டி அல்ல. அரசு மருத்துவமனையில் இருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி சேவை தனியாக இருக்கிறது. ஆனால் அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் இதை எப்படிச் சொல்வது? 50 நாள் பயிற்சியில் சொல்லித்தரக்கூடிய விஷயமா இது? ஒரு மரணத்தைப் பார்த்த கையோடு, வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த காலுக்குப் போக வேண்டும். அடுத்தது காய்ச்சலாக இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம்.

அரசு வேலையா?

இல்லை. வண்டியில் அரசு முத்திரை இருக்கும், ஊழியர் நிறுவனத்தின் ஊழியர். சம்பள உயர்வு, 8 மணி நேர வேலை, தீபாவளி போனஸ் என்று தொழிற்சங்கங்கள் தொடர்ந்து கேட்டு வருவதும் அதனால்தான். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் அவசர மருத்துவப் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான படிப்பு, பதிவு எண் எல்லாம் முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இந்த வேலைக்கு ஒரு தொழில் அடையாளம் கிடைக்கும்.

அடுத்த முறை 108-ஐ அழைக்கும்போது ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ கடையோ எது என்று நிதானமாகச் சொல்லுங்கள். போனை ஆஃப் பண்ணாதீர்கள், உதவியாளரே உங்களைத் திரும்ப அழைப்பார். ராத்திரி என்றால் ஒருவரை டார்ச்சோடு தெருமுனையில் நிற்க வையுங்கள். நோயாளி சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டு, கர்ப்பிணி என்றால் பிக்மி எண் இருக்கும் அட்டை ஆகியவற்றை வண்டி வருவதற்குள் ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள்.