ஒளி பொது, காகிதம் யாருடையது?

ஒளி எல்லார்க்கும் பொதுவானது. ஞாயிற்றின் கதிர் துரையின் பங்களா முற்றத்திலும் தொழிலாளியின் லயத்து வாயிலிலும் ஒன்றுபோலவே விழுகின்றது. ஆனால், அவ்வொளியைப் பிடித்து நிறுத்தும் காகிதம் ஒருபோதும் பொதுவாக இருந்ததில்லை. அது எங்கோ ஓர் ஆலையில் உருவாகின்றது. அதற்கு ஒரு விலை உண்டு. ஓர் உடைமையாளனும் உண்டு. நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலைஞனின் கண்ணைப் பற்றியே பேசுகின்றனர். இருட்டறையின் தட்டிலே மிதக்கும் காகிதத்தையும், அலுமாரியில் இருக்கும் அமிலப் புட்டியையும் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். வரலாற்றை அந்தப் புட்டியிலிருந்து தொடங்கிப் பார்ப்போமாயின் வேறொரு காட்சி புலப்படும். நமது மலையகம் அக்காட்சிக்கு வெளியே இல்லை.

தெல்தோட்டைக்கு அணித்தேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதை நம் மாணவர் அறிவர். அதற்கடுத்த பத்தாண்டுக்குள் கண்டி நகரிலே சார்ள்ஸ் ஸ்கோவன் நிழற்படக் கூடம் நடத்திவந்தார் என்பதை அறிந்தோர் குறைவு. மலை, அருவி, பூங்கா, தோட்டம், கொழுந்து பறிக்கும் பெண் எனப் பலவும் அக்காலக் கூடங்களில் படங்களாகி ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு விற்பனையாயின. அந்நாளில் படம் அச்சிடப் பயன்பட்டது முட்டை வெண்கரு பூசிய காகிதம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் அக்காகிதத் தொழிலின் தலைமை நிலையமாக விளங்கிற்று. படத்தில் நின்றவள் இம்மலையைச் சேர்ந்தவள், காகிதம் ஐரோப்பாவினது, வாங்கியவரும் ஐரோப்பியர். அவளுக்குப் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. "தமிழ்ப் பெண்", "கூலி" என்ற அடையாளமே போதுமென்று கருதப்பட்டது.

பொருள் கிடைப்பதன் அருமையை மேன்மக்களும் உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர் கணவர் கோப்பித் தோட்டங்களின் சொந்தக்காரர். அக்காலக் கண்ணாடித் தகடு ஈரம் உலருமுன் ஒளிபட்டு, உடனே கழுவப்படவேண்டும். அதற்கு வேண்டிய இரசாயனங்களையும் தூய நீரையும் இங்கே பெறுவது எளிதாயிருக்கவில்லை. 1879இல் அவர் மலைநாட்டிலேயே காலமானார். அவர் இந்நாட்டில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவானவையே. தோட்ட முதலாளியின் மனைவிக்கே இந்நிலை எனில், அவர் படத்தில் நின்ற தொழிலாளியின் கைக்கு இக்கலை எவ்வாறு எட்டும்?

நிறம் வந்தபின் இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. கொடக் நிறுவனத்தின் கொடக்குரோம் சுருள் 1935இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் சாதாரண கமராக்களுக்கும் கிடைத்தது. இச்சுருளில் எதிர்மறைப் படம் இல்லை. கமராவுக்குள் ஓடிய சுருளே கழுவப்பட்டு, ஒளி ஊடுருவும் ஸ்லைட் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்லைட்டும் ஒரேயொரு மூலம், தொலைந்தால் தொலைந்ததுதான். அதனைத் திரையில் வீழ்த்திப் பார்க்கப் புரொஜெக்டர் வேண்டும், மின்சாரம் வேண்டும். சுவரிலே மாட்டவேண்டுமாயின் காகிதத்தில் அச்சிடவேண்டும்.

அவ்வாறு அச்சிடுவதற்கு இருந்த வழிகளுள் தலைசிறந்தது, சுவிட்சர்லாந்தின் சாயத்தொழில் நிறுவனமான சிபா 1963இல் அறிமுகஞ்செய்த சிபாக்குரோம். ஏனைய நிறக் காகிதங்களிற் பெரும்பாலானவற்றில் சாயம் கழுவும்போதே பிறக்கின்றது. இதிலோ மஞ்சள், செந்நீலம், பசுநீலம் என்னும் மூன்று சாயங்களும் முன்னரே நிறைந்திருக்கும். ஒளிபட்ட இடத்தில் வெள்ளி உருவாகும். கடும் அமிலக் கரைசல் அவ்வெள்ளி உள்ள இடத்துச் சாயத்தை மட்டும் அழிக்கும். எஞ்சிய சாயமே படம். டெவலப்பர், பிளீச், பிக்ஸர் என மூன்றே கரைசல்கள். தனி மனிதனும் தன் வீட்டு இருட்டறையிலே செய்யலாம். நிறமும் எளிதில் மங்காது. எனினும் அக்காகிதமோ விலையுயர்ந்தது. அதற்குரிய இரசாயனமும் அதே நிறுவனத்தின் கையிலிருந்தே வரவேண்டும்.

நமது நாட்டின் நிலை என்ன? 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1977இல் கதவு திறந்தபோது பொருள் வந்தது. வாங்கும் பணம் எல்லார்க்கும் வரவில்லை. நிறப்படம் உல்லாசப் பயணியின் பெட்டியில் இருந்தது. பச்சைச் சரிவும் வண்ணச் சேலையும் ஸ்லைட்டுகளாகிக் கடல் கடந்து சென்றன.

தொழிலாளிக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் அரசுகள் கேட்ட படம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் அடையாள அட்டைக்கும் படம் வேண்டியிருந்தது. மகிழ்ச்சியைப் பதிவுசெய்ய அன்று. தாம் யார் என்பதை மேசைக்கு அப்பாலிருந்த அதிகாரிக்கு மெய்ப்பிக்கவே அநேகர் முதன்முதலில் கமராவின் முன் அமர்ந்தனர்.

காகிதமும் சுருளும் பிறரிடமிருந்தே வரவேண்டுமா என்ற கேள்வியைத் தமிழகத்தின் ஒரு மலை நகரம் எதிர்கொண்டது. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத்துறை நிறுவனத்தை இந்திய அரசு 1960இல் தோற்றுவித்தது. பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. குளிர்ந்த, தூசியற்ற மலைக்காற்று இத்தொழிலுக்கு இன்றியமையாதது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் காகிதமும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே சுருளும் அங்கிருந்து வந்தன. 1968இல் அதே நீலகிரி மாவட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வேலையளிக்க அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. நம் மலையிலிருந்து பெயர்க்கப்பட்டோர் மீண்டும் கொழுந்து பறித்த அம்மாவட்டத்திலேதான் படச்சுருளும் பிறந்தது.

ஆயினும் நிறப்படத்தில் அந்த ஆலை முழுமையாகத் தன் காலில் நிற்கவில்லை. வெளிநாட்டுப் பெருஞ்சுருள்களை வாங்கி வெட்டி விற்பதே அதன் பணியின் ஒரு பகுதியாயிற்று. புதிய பாலியெஸ்டர் எக்ஸ்-ரே ஆலைக்காகப் பெற்ற கடனும், 1990களின் தாராள இறக்குமதியும் அதனை நோயுற்ற நிறுவனமாக்கின. எஞ்சிய தொழிலாளரிற் பலரும் 2014ஐ ஒட்டி ஓய்வுத் தொகையோடு வெளியேற்றப்பட்டனர்.

முதலாளித்துவ நாடுகளின் பேராலைகளேனும் நிலைத்தனவா? கொடக் 1990களின் முற்பகுதியில் சாயமாற்று முறைக்குரிய பொருள்களை நிறுத்தியது. 2009இல் கொடக்குரோம் நின்றது; அதனைக் கழுவிய கடைசி ஆய்வுகூடம் 2010 டிசெம்பர் 30உடன் சுருள் ஏற்பதை முடித்துக்கொண்டது. இல்போக்குரோம் எனப் பெயர் மாறிய சிபாக்குரோமின் உற்பத்தி 2012ஐ ஒட்டி முடிவுற்றது. 2013இல் அதன் சுவிஸ் நிறுவனமே முறிந்தது. அந்தக் கலையில் குறை எதுவும் நேரவில்லை. அதனால் வந்த இலாபமே குறைந்தது. ஒரு கைத்திறனின் ஆயுளை அதனைப் பழகியோர் தீர்மானிக்கவில்லை. ஆண்டுக் கணக்கேடு தீர்மானித்தது.

"கணினியும் ஸ்கானரும் இருக்க, மாண்டுபோன காகிதத்துக்காக ஏன் அழவேண்டும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஸ்லைட்டைக் கணினியில் ஏற்றுவதை நாம் மறுக்கவில்லை, செய்யவே வேண்டும். ஆனால் கணினிப் படம் தங்கும் களஞ்சியமும் இன்னொருவரின் உடைமையே. அன்று காகிதத்தை நிறுத்தியவர் இருந்ததுபோல், இன்று சேமிப்பை நிறுத்தவல்லவரும் உளர். கருவி மாறியது, உடைமை உறவு மாறவில்லை.

இதற்கிடையே வழி முற்றிலும் அடைபட்டுவிடவுமில்லை. எதிர்மறைச் சுருளுக்கென்று செய்யப்படும் ஆர்.ஏ.-4 வகை நிறக் காகிதமும் இரசாயனமும் இன்னும் விற்பனையில் உள்ளன. உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் அதிலேயே ஸ்லைட்டை அச்சிடுகின்றனர். இருளில் ஒளிபட்ட காகிதத்தை முதலில் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் இட்டு, நன்கு கழுவி, விளக்கொளியை முழுவதும் காட்டி, அதன்பின் நிற டெவலப்பரிலும் பிளீச்–பிக்ஸரிலும் இடுகின்றனர். நேர்ப்படம் எழுகின்றது. நிறமுரண் சற்று மிகும். அச்சிடுமுன் காகிதத்துக்கு மெல்லொளி காட்டி அதனைத் தணிக்கலாம். எந்த ஆலையும் இம்முறையை விளம்பரம் செய்யவில்லை. தம் அனுபவத்தைப் பூட்டிவைக்காமல் பகிர்ந்துகொண்ட சாதாரண மனிதரின் கண்டுபிடிப்பு இது.

மலைநாட்டின் ஈரக்காற்றில் ஸ்லைட்டின் ஜெலட்டின் படலத்தைப் பூஞ்சணம் தின்றுகொண்டிருக்கின்றது. தேவாலயங்கள், பாடசாலைகள், தொழிற்சங்கங்கள், வெளிநாட்டு நண்பர்கள் எனப் பலரிடம் நம் மக்களின் வண்ணப் படங்கள் பெட்டிகளில் கிடக்கலாம். ஆசிரியரும் மாணவரும் முன்வந்து அவற்றைத் தேடவேண்டும், உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும், கணினியில் ஏற்றவேண்டும், இயன்றவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு அந்தந்தத் தோட்டத்துக்கே கொண்டுசெல்லவேண்டும். அங்குள்ள முதியோரிடம் கேட்டு, படத்தில் நிற்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பின்புறத்தில் எழுதவேண்டும். கண்டிக் கூடங்களின் காலத்தில் எழுதாமல் விட்ட பெயர்களை இனி மீட்பது அரிது. நாம் கண்ட தலைமுறையின் பெயர்கள் இன்னும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.