மறதிக்குக் கணனியில் பாடம்: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"ஸேர், ஞாபகசக்தியைக் கூட்டுற ஆப் இருக்காம், வாப்பாட போன்ல போட்டுக் குடுத்தா சரிவருமா?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. ஒரு சொல்லில் பதில் இல்லை. இந்த ஆப்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

வயது போனால் சாவியைத் தேடுவது சகஜம். பழகிய பாதையே தவறுவது, சொந்தப் பிள்ளையை மறப்பது டிமென்ஷியா. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு: மறதி வயதை மீறியது, ஆனால் அவர் கடைக்குப் போவார், காசு எண்ணுவார், தன் வேலையைத் தானே பார்ப்பார். இலேசான அறிதிறன் குறைபாடு என்பார்கள். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் 1999 இல் எழுதிய கட்டுரைதான் இதை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது. அவர்கள் கவனித்தவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 12 பேரளவில் டிமென்ஷியாவுக்குள் போனார்கள். அப்படியானால் தடுக்க வழியுண்டா என்ற கேள்வி வரத்தானே செய்யும்.

அதே காலத்தில், 1998 இல், அமெரிக்காவில் அக்டிவ் என்ற பெரிய பரிசோதனை தொடங்கியிருந்தது. 65 வயதைத் தாண்டிய 2,832 பேர். ஒரு பகுதியினருக்கு ஞாபகப் பாடம்: சொற்களை வகைப்படுத்து, மனதில் படமாக்கு, ஒன்றோடொன்று கோத்து வை. இன்னொரு பகுதிக்குத் தர்க்கப் பயிற்சி. மூன்றாவது பகுதிக்குக் கணனி. திரையின் நடுவில் ஒரு வாகனம் கண்சிமிட்டும் நேரம் தோன்றும். அதே கணத்தில் ஓரத்தில் இன்னொன்று. நடுவில் வந்தது காரா லொறியா, ஓரத்தில் வந்தது எந்தப் பக்கம்? சரியாகச் சொல்லச் சொல்லப் படம் தோன்றும் நேரம் குறையும். நான்காவது பகுதியினருக்கு எதுவுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. அடிப்படைப் பயிற்சி 10 அமர்வுகள்.

2002 இல் முடிவு வந்தது. எதைப் படித்தார்களோ அதில் தேறினார்கள், மற்றதில் இல்லை. கணக்குப் படித்த பிள்ளை சமூகக்கல்வியில் தேறாதது போல.

நம் கேள்விக்கு நேராக வருவது 2007 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு. அக்டிவில் சேரும்போதே ஞாபகம் குறைந்திருந்த 193 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். ஞாபகப் பாடம் அவர்களுக்கு ஏறவேயில்லை! தர்க்கமும் கணனிப் பயிற்சியும் மற்றவர்களைப் போலவே பலன் கொடுத்தன. மறதிக்காரருக்கு மனனம் செய்யும் வித்தை கற்பிப்பது, கால் முறிந்தவருக்கு ஓடப் பழக்குவது மாதிரி என்று எனக்குப் படுகிறது.

இதற்குள் வியாபாரிகள் முந்திவிட்டார்கள். 2005 இல் ஜப்பானில் நின்டென்டோவின் மூளைப் பயிற்சி விளையாட்டு வந்தது, 2007 இல் லுமோசிட்டி. 2010 இல் பிபிசியோடு சேர்ந்து 11,430 பேரை ஆறு வாரம் விளையாட வைத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வாளர்கள், விளையாட்டில் கெட்டிக்காரர் ஆனார்கள், வேறெதிலும் இல்லை என்றார்கள். 2016 இல் லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கை 20 லட்சம் டொலர் கட்டித் தீர்த்துக்கொண்டது.

அதற்காக எல்லாம் பொய் என்று தள்ளவும் முடியாது. 2017 இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் இந்த நடுநிலையில் உள்ளவர்களிடம் நடந்த 17 பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். நன்மை இருந்தது, ஓரளவுக்கு. டிமென்ஷியா வந்துவிட்டவர்களிடம் ஆதாரம் பலவீனம்.

அதே பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வொன்று ஆரோக்கியமான முதியவர்களைப் பற்றியது. வீட்டில் தனியே விட்டால் பலன் தெரியவில்லை. பயிற்றுநரோடு குழுவாக இருந்தால் தெரிந்தது. கிழமைக்கு மூன்று தடவைக்கு மேல் செய்தாலும் பலன் காணோம். ஆகவே போனைக் கையில் கொடுத்துவிட்டு நாம் எழும்பிப் போவது சரிவராது. பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும்.

2018 இல் அமெரிக்க நரம்பியல் கழகம் வழிகாட்டல் வெளியிட்டது. முதல் ஆசிரியர் அதே பீட்டர்சன். கிழமைக்கு இரண்டு தடவை உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. மூளைப் பயிற்சியை வேண்டுமானால் பரிந்துரைக்கலாம் என்கிறது.