மில் சங்கும் 22.5 கிலோமீட்டரும்

சைக்கிளில் கூட்டமாகப் போவது புதுச்சேரிக்குப் புதிதல்ல. அந்தக் கூட்டத்தின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்பதுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. “டீச்சர், எனக்கு அம்பது வயசாகுது. எந்த குரூப்போட போனா சரியா இருக்கும்?” என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராஜீவ் காந்தி சதுக்கத்தில் சைக்கிளோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மில் தொழிலாளிகளிடமிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல முடிகிறது.

என் அப்பா ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்தான் ஊர் வாயில் ரோடியர் மில். அதோடு சவானா மில், கெப்ளே மில். இந்த மூன்று மில்களின் சங்கைக் கேட்டுத்தான் முதலியார்பேட்டையில் உலை வைப்பார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை சும்மா வந்ததல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேரம் சட்டமானது. மூன்று ஷிஃப்டுக்கு ஆள் வந்து போனதால், ஊருக்குள் சைக்கிள்களும் மூன்று வேளை அலை அலையாக வந்து போயின.

அப்பாவுக்குக் கிருமாம்பாக்கம். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரியில் மில் வாசலிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே கிளம்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் காத்திருந்து சேர்ந்துதான் போவார்கள். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் தாண்டினால் அப்போது தெருவிளக்கு கிடையாது. எல்லாரிடமும் டைனமோவும் இருக்காது. டைனமோ வைத்த ஹெர்குலிஸ் ஒன்று முன்னால் போகும், இன்னொன்று பின்னால் வரும். விளக்கில்லாதவர்கள் நடுவில். டைனமோவின் சின்ன உருளை டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழன்றால்தான் வெளிச்சம். சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும், மெதுவாகப் போனால் மங்கிவிடும். அந்த உரசலால் மிதிக்கிறவருக்குப் பாரமும் கூடும். அப்படியிருந்தும் முன் விளக்கை எப்போதும் பெரியவர் ஒருவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்கில் நின்று மார்புச் சளி பிடித்த மனிதர் அவர். அவரைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. “வேகமா போறவன் முன்னால போனா வெளிச்சமும் அவனோட போயிடும்மா” என்று அப்பா சொல்வார். தவளக்குப்பத்தில் ஒருவர் பிரிவார், அடுத்த ஊரில் இருவர். கடைசி ஆள் வீட்டுக்குப் போகும்வரை அந்த வேகம் மாறாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எட்டு மணி நேரம் தறியில் நின்ற கால்களுக்கு அதுதான் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த சைக்கிள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகுதான் ஹெர்குலிஸும் ஃபிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் நம் பக்கத்துத் தொழிலாளி தவணையில் வாங்கக்கூடிய வண்டிகள் ஆயின. அதற்கு முன் வசதியுள்ளவர்களின் சவாரி புஷ்வண்டி. உட்கார்ந்திருப்பவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார், பின்னாலிருந்து ஒரு மனிதர் ஓடிக்கொண்டே தள்ளுவார். அந்த வண்டியிலும் வேகத்தைச் சொல்பவர் ஒருவர், ஓடுபவர் வேறொருவர். பழைய படங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம், சொந்தக் காலால் சொந்த வண்டியை மிதிப்பது ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெண்கள் விஷயத்தில் எங்கள் ஊர் கொடுத்து வைத்த ஊர். 1943-இல் அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை பள்ளி தொடங்கி, விளையாட்டையும் உடற்பயிற்சியையும் பாடத்தோடு சேர்த்தார். அரைக்கால் சட்டை போட்ட பெண்பிள்ளைகளும் வெள்ளை உடுத்திய வயதான அம்மாக்களும் ஊரைப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே சைக்கிளில் போவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அதனால் வாடகை சைக்கிள் எடுத்து நான் குரங்குப் பெடல் பழகியபோது தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. புதுக்கோட்டையில் இதற்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தையொட்டி கைப்பிடியில் கொடி கட்டி மணி அடித்துக்கொண்டு அந்த ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கூட்டமாகப் போவதன் பலம் அங்கே வேறு மாதிரி. தனியாகப் போனால் கேலி பேசுகிற வாய், நூறு பேர் சேர்ந்து போனால் மூடிக்கொள்ளும்.

இனி பிரான்சுக்குப் போகிறேன். கடல் தாண்டி நடந்த கதைதான், ஆனால் இன்று புதுச்சேரியில் குரூப் தேடுகிறவருக்கு அதிகம் உதவுவது இதுதான்.

1891-இல் ஒரு பாரிஸ் பத்திரிகை, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தியது. ஷார்ல் தெர்ரோன் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். பந்தயம் என்றால் வல்லவன் முன்னே, மற்றவன் எப்படியோ போகட்டும். இதற்கு நேரெதிராக இத்தாலியில் 1897 ஜூனில் ஒரு குழு ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் சேர்ந்தே கடந்தது. ‘ஓடாக்ஸ்’ என்ற பெயரும் வழக்கமும் அங்கிருந்து கிளம்பின. 1904-இல் அதற்குப் பிரான்சில் விதி எழுதியவர் ஆன்றி தெகிராஞ். முந்தைய ஆண்டுதான் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர் அவர். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவரும் அவரே. அப்பேர்ப்பட்ட வேகக்காரர் எழுதிய விதி என்ன தெரியுமா? குழுவுக்கு ஒரு கேப்டன். அவர் முன்னே போவார், அவரை ஒருவரும் தாண்டக் கூடாது. வேகம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது எல்லாம் முடிவாகியிருக்கும். இன்று அந்த முறையில் அறிவிக்கும் வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கிருமாம்பாக்கம் சாலையும் அந்தப் பெரியவரின் டைனமோவும்தான் கண்ணில் வந்தன.

பிறகு பிளவு வந்தது. 1921-இல் தெகிராஞ்சுக்கும் ஓடாக்ஸ் கிளப் பாரிசியனுக்கும் ஒத்துவராமல் போய், தம் விதிப்படி சவாரி நடத்தும் அனுமதியை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கிளப் சோர்ந்துவிடவில்லை. ‘அவரவர் வேகத்தில் போங்கள், குறித்த நேரத்துக்குள் வந்து சேருங்கள்’ என்று புதிதாக ஒரு முறையை அதே ஆண்டில் தொடங்கியது. கேப்டன் கிடையாது. வழியில் சோதனை இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கினால் போதும். ஒன்று சேர்ந்து போகிற வழி, இன்னொன்று தன் போக்கில் போகிற வழி. சைக்கிள் குழுக்களில் இன்று நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை என்பது என் கணிப்பு.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் 1 அன்று இறங்கியது. இந்தப் பிரெஞ்சு வழக்கம் நம் சாலைக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிறகு, அதுவும் சென்னை வழியாக. ஓடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் நடக்கும் ‘பிரவே’ சவாரிகளில் ஈ.சி.ஆர். வழியே சென்னைக்காரர்கள் புதுச்சேரியைத் தொட்டுத் திரும்புகிறார்கள். அது இரண்டாவது வகை, அதாவது அவரவர் வேகம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. முத்திரை போட ஆளில்லாத இடத்தில் ஏ.டி.எம். சீட்டோ டீக்கடை பில்லோ சாட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் மிதிப்பவரானால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் போதும். மீதி மூன்றரை மணி நேரம் இட்லிக்கும் இளநீருக்கும் பஞ்சருக்கும் புளியமர நிழலுக்கும். சாதாரண உடம்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. சேன்ட் எத்தியேனில் வாழ்ந்த போல் தெ விவி, ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதியவர், 1930-இல் காலமானார். பசிக்கும் முன் சாப்பிடுவதையும் தாகத்துக்கு முன் குடிப்பதையும் வீம்புக்காக மிதிக்காமலிருப்பதையும் நெடுந்தூரச் சவாரிக்கு விதிகளாக வைத்தவர். பிரவே நடத்துகிறவர்கள் இன்றும் அவரைக் குருவாக மதிக்கிறார்கள்.

இப்போது எங்கள் ஊர். 2016-இல் துணைநிலை ஆளுநராக வந்த கிரண் பேடி வார இறுதிகளில் சைக்கிளில் கிளம்பியபோது அவர் பின்னால் ஒரு கூட்டம் போனது. 2020 ஊரடங்குக்குப் பிறகு கியர் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்தது. அதன் பின் குரூப்புகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் வடக்கே ஈ.சி.ஆர். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் எல்லையும் பிரெஞ்சு எல்லையும் சுங்கச் சாவடியுமாகப் பின்னிக் கிடந்த பூமி. இப்போது மதுக்கடைப் பலகையும் பெட்ரோல் விலையும்தான் எல்லையைக் காட்டுகின்றன. மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மேற்கே ஊசுட்டேரி, திருவக்கரை. தெற்கே பாகூர் ஏரி. இன்னும் தெம்பிருந்தால் செஞ்சிக் கோட்டை.

சாலை தட்டை என்று நம்பி ஏமாறக் கூடாது. இங்கே மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. வெயில் ஏறி நிலம் சூடானால் கடல் காற்று எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வடக்கே போகிறவர் முகத்திலேயே அடிக்கும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் பின்னவருக்கு நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் உழைப்பு மிச்சமாகும். அதனால்தான் குழுவிலிருந்து பத்தடி பிரிந்தவருக்கு மறுபடி ஒட்டுவது அவ்வளவு கடினம். பிரிந்த நொடியில் காற்று முழுவதும் அவர் தலையில் விழுகிறது. முன்னே போகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. ‘நாங்க ஒண்ணும் வேகமா போகலையே’ என்று உண்மையாகவே நினைக்கிறார்கள்.

எனக்கு அது நடந்தது. ‘யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்’ என்று சொல்லி அழைத்த குழு, பெயர் வேண்டாம், மரக்காணத்துக்கு முன்னால் என்னையும் ஒரு கல்லூரிப் பெண்ணையும் எதிர்காற்றில் விட்டுவிட்டுப் போனது. டீக்கடையில் நிற்கிறோம் என்று தகவல் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். காத்திருந்தவர்களுக்கு ஓய்வு, தாமதமாக வந்தவர்களுக்கு ஓய்வில்லை. இதைக் காத்திருத்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண் அதன் பிறகு எந்தக் குழுவோடும் வரவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். கால் பழக மூன்று மாதம் போதும். பயந்து விலகியவரைத் திரும்பக் கூட்டிவர அதைவிட அதிக நாளாகும்.

இப்போது நான் போகும் சிறு கூட்டத்தில் வேகம் 18, முன்னே போவது வயதில் மூத்த ஓர் அம்மா. கடைசியில் எங்களில் நன்றாக மிதிக்கிற பையன் வருவான். பம்பும் டியூபும் அவன் பையில். நின்ற இடத்தில் கடைசி ஆள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் கிளம்புவோம். இதில் மேலும் வேகம் வேண்டுமென்று வேறு குழுவுக்குப் போனவர்களும் உண்டு. அதில் தவறில்லை. பிரான்சில் 1921-லிருந்து இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில். சேர்வதற்கு முன் “ஆவரேஜ் எவ்வளவு?” என்று கேளுங்கள். அது ஓடும்போது உள்ள வேகமா, நின்ற நேரத்தையும் சேர்த்த வேகமா என்று கேளுங்கள். கடைசியில் வருபவர் யார் என்று பெயர் கேளுங்கள். அந்தப் பெயர் சொல்ல முடியாத குழு உங்களுக்கானதில்லை. தனியாக 20 கிலோமீட்டர் உங்கள் போக்கில் மிதித்து, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் எதுவென்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் கூடுதலான குழுவைத் தேடுங்கள்.

குழு நடத்துகிற புதுச்சேரி நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் புறப்படும் இடத்தையும் நேரத்தையும் போடும்போது, வேகத்தை எண்ணில் போடுங்கள். முன்னே போகிறவர் பெயரையும் பின்னே வருகிறவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மணிக்கு 15 கிலோமீட்டரில் பாகூர் ஏரி வரை ஒரு சவாரி வையுங்கள்.