பாட்டிச் சதுரம்

பாட்டிச் சதுரம் என்பது, குரோஷா ஊசி என்று நம்மவர் சொல்லும் ஒற்றைக் கொக்கியூசியைக் கொண்டு, நடுவிலே ஒரு சிறு வளையத்தில் தொடங்கி வெளிப்புறமாகச் சுற்றுச் சுற்றாய்ப் பின்னி வளர்க்கப்படும் கம்பளித் துண்டாகும். ஆங்கிலேயர் இதனைக் ‘கிரானி ஸ்கொயர்’ என்பர். மேற்சட்டையும் காலுறையும் பின்னி முடித்தபின் கூடையின் அடியில் எஞ்சிக் கிடந்த உல்லன் நூலை எறிந்துவிட மனம் வராத பாட்டிமார் அதனை இவ்வகையில் பயன்படுத்தினார்கள் என்று இப்பெயருக்குக் காரணம் கூறுவது வழக்கம். இத்தகைய சதுரங்கள் நூறு இருநூறாகச் சேர்த்து இணைக்கப்படும்போது ஒரு போர்வை உண்டாகிறது. லண்டன் மாநகரின் வீடுகளில் சோபாவின் முதுகிலோ கட்டிலின் கால்மாட்டிலோ பல வர்ணங்களில் மடித்துப் போடப்பட்டிருக்கும் அந்தப் போர்வையைத் தமிழர் பலரும் பார்த்திருப்பர். அதன் பெயரைத்தான் விசாரித்திருக்க மாட்டார்கள்.

‘குரோஷே’ என்பது சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய இக்கலை பெருவாரியான ஸ்திரீகளின் கைக்கு எட்டியதற்கு லண்டனின் அச்சுக்கூடங்களும் ஒரு முக்கியமான காரணமாகும். 1840-களின் நடுப்பகுதியிலிருந்து அந்நகரில் பின்னல் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரசுரித்துவந்த எலியனோர் ரியேகோ டி லா பிரான்சார்டியேர் என்ற அம்மையார், 1851-இல் ஹைடு பார்க்கில் படிக மாளிகையினுள் நடைபெற்ற மகா கண்காட்சியிலே தம் குரோஷா வேலைக்காகப் பரிசும் பெற்றார். விக்டோரியா மகாராணியே தமது முதுமையில் இவ்வூசியைக் கையாண்டவர். தென்னாப்பிரிக்க யுத்தத்தில் போரிட்ட வீரருக்கென 1900-இல் அவர் பின்னிய கழுத்துத்துணிகள் எட்டு. ஆனால் சதுரத்தின் கதை வேறு. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதாகிய அச்சு வடிவம் 1885-இல் ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற அமெரிக்க உழவர் பத்திரிகையில் வந்தது; லண்டனில் வெளிவந்த வெல்டன் கம்பெனியாரின் கைவேலைப் புத்தக வரிசையில் இவ்வகைச் சதுரம் 1897-இல் இடம்பெற்றது. பின்னர் இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1941 ஜூன் முதல் தேதி தொடங்கி 1949 மார்ச் வரையில் ஆடைக்குப் பங்கீடு நிலவியபோது, பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தமையால், பழைய மேற்சட்டைகளைப் பிரித்து அந்த நூலையே மீண்டும் பின்னுவது வீட்டு தர்மம் ஆயிற்று. சாண் நீளத் துணுக்கைத் தவிர்த்து மற்றெல்லா மிச்சத்துக்கும் ஒரு கதி காட்டும் இச்சதுரம், அப்படிப்பட்ட காலத்துக்கென்றே பிறந்தது போலத் தோன்றுகிறது.

புதிதாகக் கற்பவருக்கு இதனை முதற்பாடமாக வைப்பதற்குத் தக்க நியாயம் உண்டு. இரட்டை ஊசிப் பின்னலில் நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஒரே சமயத்தில் ஊசியின்மேல் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்க, ஒன்று நழுவினாலும் கீழ்வரை ஓடிவிடும் என்ற அச்சம் நீங்குவதில்லை. குரோஷாவிலோ வேலையில் இருப்பது ஒரே கண்ணிதான், அதனை இழுத்தால் தவறு செய்த இடம் வரையில் பிரித்துக்கொள்ளலாம். அன்றியும் பிழை ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடுமேயல்லாது போர்வை முழுவதையும் கெடுப்பதில்லை.

செய்முறை பின்வருமாறு. லண்டன் கடைகளில் ‘டி.கே.’ என்ற சுருக்கப் பெயரால் விற்கப்படும் நடுத்தரப் பருமனுள்ள நூலும், நான்கு மில்லிமீட்டர் ஊசியும் போதுமானவை. பழைய ஆங்கில அளவில் அவ்வூசி 8-ஆம் எண், எண் பெரிதாக ஆக ஊசி மெலியும் விநோதமான கணக்கு அது. முதலில் நான்கு சங்கிலிக் கண்ணிகள் போட்டு, முதற் கண்ணியோடு இணைத்து வளையமாக்குக. மூன்று சங்கிலி ஏற்றி (இது ஒரு ‘டிரெபிள்’ ஆகக் கணக்கிடப்படும்) அவ்வளையத்துக்குள் இன்னும் இரண்டு டிரெபிள் பின்னினால் ஒரு கொத்து. டிரெபிள் என்பது, ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, உள்ளே நுழைத்து நூலை இழுத்து, மூன்று கண்ணிகளையும் இரண்டிரண்டாக இருமுறையில் கழிப்பதேயாகும். இரண்டு சங்கிலி விட்டு அடுத்த கொத்து. இவ்வாறு நான்கு கொத்துகளும் நான்கு இடைவெளிகளும் அமைந்தால் முதற் சுற்று முடிந்து, அவ்விடைவெளிகளே மூலைகளாகும். இனி வரும் ஒவ்வொரு சுற்றிலும் மூலை ஒவ்வொன்றிலும் நடுவே இரண்டு சங்கிலியோடு இரு கொத்துகளும், பக்கத்து இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு கொத்தும் வரும். மூலைச் சங்கிலியை மறந்தவர் கையில் சதுரம் வட்டமாகச் சுருண்டு கிண்ணமாய்க் குழிவதைக் காணலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். ஆங்கிலேயர் டிரெபிள் என்பதை அமெரிக்கர் ‘டபிள்’ என்பர்; ஆங்கிலேயரின் டபிளோ அமெரிக்கருக்குச் ‘சிங்கிள்’. எந்நாட்டு வழக்கென்று பாராமல் பின்னத் தொடங்கிய எத்தனையோ பேர், தம் சதுரம் மட்டும் ஏன் கட்டையாயும் கனத்தும் வருகிறதென்று ஊசியை நொந்துகொள்கிறார்கள்.

கணக்குப் பார்ப்பவர்க்கு இச்சதுரம் மிகவும் இனிது. முதற் சுற்றில் கொத்துகள் நான்கு, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பன்னிரண்டு என ஏறுவதால், நான்கு சுற்றுச் சதுரம் ஒன்றில் 120 டிரெபிள்கள் அடங்கும். அது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அகலம் வரும். ஒரு மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள சிறு போர்வைக்கு இத்தகைய சதுரம் 120 தேவை, ஆக 14,400 டிரெபிள்கள். இத்தொகை யாரையும் மலைக்கவைப்பதில்லை. பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் மடியில் வைத்து ஒவ்வொன்றாய் முடித்துவிடலாம். மலைக்கவைப்பது வேறொன்று. சுற்றுக்கொரு வர்ணமென்று ஆசைப்பட்டால், வர்ணம் ஒன்றுக்குத் தொடக்கமும் முடிவுமாக இரண்டு நூல்வால்கள், சதுரத்துக்கு எட்டு, போர்வைக்கு 960. அவற்றை எல்லாம் மொட்டை ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைப்பதே இவ்வேலையில் உண்மையான பிரயாசை. அதனைக் கடைசிக்கென்று ஒத்திவைத்தவர்களின் சதுரங்கள்தாம், என் அபிப்பிராயத்தில், அலமாரியின் மேல்தட்டில் பையோடு கிடப்பவை. அன்றன்று பின்னிய சதுரத்தின் வாலை அன்றன்றே மறைத்துவிடுவது நலம்.

நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் கற்பவர் கையில் நாளுக்கு நாள் மாறுமாதலால், முதற் பத்துச் சதுரங்களும் கடைசிப் பத்தும் அளவில் ஒவ்வா. ஈரம் காட்டி, குண்டூசியால் ஒரே அளவில் இழுத்துக் குத்தி உலரவிடுவதால் இக்குறை பெரும்பாலும் தீரும். கம்பளி இதற்கு இணங்குவது போல அக்ரிலிக் இணங்காது. எல்லாவற்றுக்கும் வெளிச்சுற்றை ஒரே நிறத்தில், கறுப்பிலோ வெண்மையிலோ அமைத்தால், உள்ளே எவ்வளவு பொருந்தா வர்ணங்கள் இருந்தாலும் போர்வை ஒருமைப்பட்டு நிற்கும்.

தமிழ்நாட்டுக்குக் குரோஷா புதிதன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் பின்னலைச் சிலர் குரோஷாவென்று கருதுவதுண்டு; அது திண்டின்மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றி முறுக்கும் வேறொரு வித்தை. குரோஷாவிலோ, போர்வைக்கு வேலையே அதிகமில்லாத சென்னையில், 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற மகளிர் குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைத் துண்டு துண்டாய்ப் பின்னி இணைத்து கின்னஸ் சாதனை நிகழ்த்தியது.

லண்டனில் போர்வையின் சத்துரு குளிரன்று, பூச்சி. பழைய வீடுகளின் மரத்தளத்திலும் கம்பளத்தடியிலும் குடியிருக்கும் துணி அந்துப்பூச்சியின் புழுக்கள் அசல் கம்பளியைத் தின்னும், அக்ரிலிக்கை நாடா. ஆதலின் கம்பளியாற் பின்னியவர் கோடையில் அதனைத் துவைத்து, நன்கு உலர்த்தி, பையிலிட்டு இறுகக் கட்டி வைப்பர். துளை கண்டபின் விழித்துக்கொண்டவரோ, அப்பையை இரண்டு வாரம் பிரீஸரில் பட்டாணிக்கும் மீனுக்கும் நடுவே கிடத்திவைத்து எடுப்பர்.