மண்தடமும் பாலைவனமும்: சி. எஸ். சந்தோஷின் ஓட்ட வாழ்வும் அதைத் தாங்கிய அமைப்பும்

பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ், டக்கார் எனும் பாலைவன நெடுந்தூர ஓட்டத்தில் மோட்டார் சைக்கிளில் கலந்துகொண்டு ஓடி முடித்த முதல் இந்தியர். 2015 ஜனவரியில் ஆர்ஜென்டீனா, சிலி, பொலிவியா ஆகிய நாடுகளின் ஊடாக நடந்த அந்த ஓட்டத்தில் அவருக்கு 36ஆம் இடம் கிடைத்தது. அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் அவர் பாலைவனத்தில் உருவான வீரர் அல்லர். மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் எனப்படும் மண்தட ஓட்டங்களில் தேறி, தேசிய சம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றவர். தன் துறையில் உச்சத்தைத் தொட்ட ஒருவர், முப்பதை ஒட்டிய வயதில், தனக்குப் பழக்கமில்லாத இன்னொரு கலையை அரிச்சுவடியிலிருந்து கற்கப் புறப்பட்டது ஏன்? சாகச ஆசை என்ற விடை எளிதானது, போதாதது. இந்தியாவில் மண்தடத்தில் அவருக்கு மேல் ஏறுவதற்குப் படி இருக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மண்தட ஓட்டம் ஒரு முழுத் தொழிலாக வளர்ந்த இங்கிலாந்தோடு ஒப்பிடும்போது இது தெளிவாகும்.

மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமும் நிறைந்த மண்தடத்தில் குறுகிய நேரத்துக்கு நடக்கும் கடும் போட்டி. சூப்பர்கிராஸில் அந்த மேடுகள் மைதானமொன்றில் செயற்கையாகக் குவிக்கப்படுகின்றன. தென்னிந்தியாவில் மோட்டார் ஓட்டத்தின் பழைய களம் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த அந்தப் போட்டிகள் தார்த்தளத்துக்குரியவை. மண்தட ஓட்டத்தைப் பெருமளவு வளர்த்தவை வண்டி உற்பத்தி நிறுவனங்களும் டயர் நிறுவனங்களும்தாம். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982இலேயே தனக்கென ஓர் ஓட்ட அணியை அமைத்தது. தேசியச் சூப்பர்கிராஸ் தொடர் எம்ஆர்எஃப் டயரின் பெயரைத் தாங்கி நடந்தது. ஆண்டுக்குச் சில நகரங்களில், சில நாள்கள் மட்டும் போட்டி. பெரும்பாலான இடங்களில் அதற்கென மண் கொட்டித் தடம் போடுவார்கள், முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். பார்வையாளர் நிறுவனத்தின் பெயரை அறிவர். ஊரின் பெயரால் ஓர் அணியை அறியார். வீரரின் வருமானம் நிறுவனத்தின் விளம்பரக் கணக்கிலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் ஸ்பீட்வே எனப்படும் மண்தட ஓட்டம் இதற்கு நேர்மாறான வகையில் கட்டப்பட்டது. 1928 பெப்ரவரி 19இல் லண்டனுக்கு வெளியே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த போட்டியே அந்நாட்டு ஸ்பீட்வேயின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மறு ஆண்டே லீக் முறை வந்துவிட்டது. 1936இலிருந்து உலகச் சம்பியன்ஷிப்பின் இறுதிப்போட்டி வெம்ப்ளி அரங்கில் நடக்கலாயிற்று. நீள்வட்ட மண்தடத்தில் நால்வர் நான்கு சுற்று ஓடுவர். முதல்வருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 புள்ளி, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. 500 சிசி எஞ்சின், மெதனோல் எரிபொருள், ஒரே கியர். வண்டியில் பிரேக் கிடையாது. வளைவில் பின்சில்லை வெளிப்பக்கமாக வழுக்கவிட்டு, முன்சில்லை வளைவுக்கு எதிர்ப்புறம் திருப்பி, இரும்பு அடி பொருத்திய இடது காலை மண்ணில் ஊன்றியபடி வீரர் திரும்புகிறார். பிரேக் இல்லாமையே இங்கு பாதுகாப்பு: பிரேக் இருந்தால் முன்னால் போகிறவர் திடீரென வேகம் குறைக்க, பின்னால் வருகிறவர் அவர்மீது ஏறிவிடக்கூடும்.

பணம் தரும் முறைதான் இந்த ஒப்பீட்டுக்கு முக்கியம். வீரர் ஒரு கழகத்துக்காக ஓடுவார். களமிறங்குவதற்கு ஒரு தொகை, எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தொகை. கோடைகாலம் முழுவதும் வாரந்தோறும் போட்டி. கூலி நுழைவுச்சீட்டு விற்பனையிலிருந்து வந்தது. கூட்டமோ அந்த ஊர்க் கூட்டம். பீட்டர் கிரேவனின் வாழ்வு இந்த அமைப்பின் விளைபொருள். 1934இல் லிவர்பூலில் பிறந்தார். உருவத்தில் சிறியவர். பதின்ம வயதிலேயே தன் ஊர்த் தடத்தில் தொடங்கி, பின்னர் மான்செஸ்டரின் பெல்வ்யூ அணிக்கு மாறினார். பலமான உடலும் முரட்டுத் துணிவும் இந்த விளையாட்டுக்கு வேண்டும் என்று நம்பப்பட்ட காலம் அது. கிரேவனோ வண்டியின்மேல் தன் உடலை நிறுத்தும் விதத்தால் அதை ஆண்டார். சமநிலையின் மந்திரவாதி என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. 1955இலும் 1962இலும் உலகச் சம்பியன் ஆனார். இரண்டு முறை அப்பட்டத்தை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர் அவரே. அடுத்தவர் வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 செப்டெம்பர் 20இல் எடின்பரோவின் மெடோபேங்க் தடத்தில், தனக்கு முன் விழுந்த வீரர்மீது மோதாமல் விலக முயன்றபோது அடிபட்டு, நான்கு நாள்களுக்குப் பின் இறந்தார். வயது 29.

இந்த அமைப்பைப் பொற்காலமாக வரைவது பிழையாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கேளிக்கை வரி கழகங்களை அரித்தது. கிரேவனின் முதல் தடமான லிவர்பூல் 1953இலேயே மூடப்பட்டது. 1956ஆம் ஆண்டுப் பருவத்தோடு வெம்ப்ளி அணியும் விலகியது. கிரேவன் ஓடிய ஆண்டுகளில் லீக் சுருங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஒரு தடம் மூடப்பட்டால் போவதற்கு இன்னொரு தடம் இருந்தது. வண்டி அதுவே, விதி அதுவே, திறமை வீணாவதில்லை. பிற்காலத்தில் 2013, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற டாய் வொஃபிண்டன் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் கழகத்துக்காக ஓடியபோதும் அவர் செய்தது அதே நான்கு சுற்று ஓட்டமே. ஊர் மாறியது, கலை மாறவில்லை.

சந்தோஷுக்கு இந்த வசதி இருக்கவில்லை. தேசியப் பட்டத்துக்குப் பின் அவர் எதை நோக்கி ஓடுவது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டோகிராஸ் வீரர்கள் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் முப்பதை ஒட்டிய வயதில் சேர முடியாது. நெடுந்தூர ஓட்டம் அப்படியல்ல. அங்கு வேகத்தோடு பொறுமையும் திசையறிவும் வேண்டும்; முப்பது வயது அங்கே குறையல்ல. 2013இல் அபுதாபி பாலைவன ஓட்டத்தில் இறங்கியபோது வண்டி தீப்பற்றி அவருக்குக் காயம் ஏற்பட்டது. தடத்தில் பழகியவருக்கு மணல்மேடு புதிது. வழிக்குறிப்புச் சுருளைப் பார்த்தபடி வேகமாக ஓட்டுவது அதைவிடப் புதிது. மண்தட வீரர் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பச் சந்தித்து மனப்பாடம் செய்கிறார். பாலைவன வீரர் எந்த வளைவையும் இரண்டாம் முறை காண்பதில்லை. இந்த மாற்றத்தின் கடினத்தை வைத்துப் பார்த்தால், 36ஆம் இடம் எண்ணிக்கையில் தோன்றுவதைவிடப் பெரிய சாதனை.

2016ஆம் ஆண்டு டக்காரை அவரால் முடிக்க இயலவில்லை. அதே ஆண்டு ஹீரோ மோட்டோகார்ப் ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்ன் நிறுவனத்தோடு சேர்ந்து தன் நெடுந்தூர ஓட்ட அணியை அமைத்தது. உலகின் மிகப் பெரிய இருசக்கர வண்டி உற்பத்தி நிறுவனங்களில் ஒன்றான ஹீரோ, 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஹோண்டாவிடமிருந்து பிரிய முடிவெடுத்த பின் தன் பெயரை வெளிநாடுகளில் நிலைநாட்ட வேண்டியிருந்தது. டக்கார் அதற்கு வாய்த்த மேடை. சந்தோஷ் அந்த அணியில் 2017இல் 47ஆம் இடத்தையும் 2018இல் 34ஆம் இடத்தையும் பெற்றார். சவூதி அரேபியாவுக்கு ஓட்டம் மாறிய 2020இல், அவரது அணித் தோழரான போர்த்துக்கல் வீரர் பவுலோ கொன்சால்வெஸ் ஜனவரி 12 அன்று ஏழாம் கட்டத்தில் விழுந்து உயிரிழந்தார். அணி போட்டியிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு ஜனவரி 6இல், வாதி அத்தவாசிரிலிருந்து றியாதுக்குச் செல்லும் நான்காம் கட்டத்தில், சந்தோஷே விழுந்து தலையில் அடிபட்டார். றியாத் மருத்துவமனையில் மருந்தால் மயக்கநிலையில் வைத்துச் சிகிச்சையளிக்கப்பட்டு, பின்னர் நாடு திரும்பினார்.

இது ஒருவரின் தனிக்கதை என்று ஒதுக்க இயலாது. டிவிஎஸ் அணியில் மண்தட வீரராக வளர்ந்த கே. பி. அரவிந்த் 2019இல் டக்காரை 37ஆம் இடத்தில் முடித்தார். கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, தேசியச் சூப்பர்கிராஸ் சம்பியன், அதே வழியில் சென்று 2021இல் 20ஆம் இடம் பெற்றார். 2023இல் முதுகெலும்பு முறிந்தது. 2024இல் மீண்டு வந்து மொத்தத்தில் 11ஆம் இடத்தையும் ராலி 2 எனும் இரண்டாம்நிலைப் பிரிவில் முதலிடத்தையும் வென்றார். மூவருக்கும் தொடக்கம் மண்தடம், வாகனம் நிறுவனம், முடிவு பாலைவனம். தனித்தனி விருப்பங்கள் இவ்வளவு ஒழுங்காக ஒரே பாதையில் விழுவதில்லை. பாதைதான் ஒன்றே ஒன்றாக இருந்தது.

இலங்கையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. இங்கு மண்தட ஓட்டத்தின் முதன்மைப் புரவலர் இராணுவம். தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில், அநுராதபுரத்தை அடுத்த சாலியபுரவின் கஜபா ஆகிய சூப்பர்கிராஸ் போட்டிகள் இராணுவ நிலங்களில், படைப்பிரிவுகளின் உழைப்பால் நடப்பவை. இவை பெருந்திரள் கூடும் ஒருநாள் விழாக்கள். வாரக்கூலி தரும் லீக் அல்ல. இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர் போன்ற வயற்பிரதேசங்களில் கிரவல் வீதியிலும் வரம்போரத்திலும் மோட்டார் சைக்கிளில் நெல் மூடையேற்றிச் செல்பவர்களிடம் வண்டியின் சமநிலை பற்றிய அறிவு ஏராளம். மழையில் சேறான களிமண் பாதையில் பின்சில்லு வழுக்கும்போது அக்சிலேட்டரை விடாமல் பிடிப்பது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். ஸ்பீட்வேயின் அடிப்படையும் அதுவே. அந்தக் கைப்பழக்கம் விளையாட்டாக மாற, அருகில் ஒரு தடமும் ஒரு கழகமும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை மலைநாட்டில் நடக்கும் விழா அந்த இடத்தை நிரப்பாது. அதுவும் தொடர்ச்சியற்றது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21இல் ஃபொக்ஸ்ஹில் மீண்டும் நடந்தபோது காரொன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்தில் பாய்ந்து ஏழு பேர் இறந்தனர், போட்டி நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் லீக் என்ற பெயர் 2024 ஜனவரி 28இல் புனேயில் வந்தது. இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் வெளிநாட்டு வீரர்களையும் உள்நாட்டு வீரர்களையும் ஏலத்தில் எடுத்த அணிகளைக் களமிறக்கியது. முதலீட்டாளர் வாங்கும் அணியும் ஊர் வளர்த்த கழகமும் ஒன்றல்ல. அதன் முதல் பருவம் சில வாரங்களில், சில நகரங்களில் முடிந்துவிட்டது. இதற்கு முன்பே, வேறொரு முனையிலிருந்து, சந்தோஷ் பெங்களூருக்கு அருகே கோலார்ப் பகுதியில் பிக் ராக் என்ற மண்தடப் பயிற்சிக் களத்தை நிறுவியிருந்தார். போட்டி முடிந்தாலும் அங்கே தடம் கலைக்கப்படுவதில்லை. புதிதாக வருபவர் அதே வளைவில் நாளையும் ஓட்டிப் பழகலாம்.