நட்புக்கு ஓர் எல்லை: போன்ஹோஃபர்–பெத்கே உறவில் ஜெப ஒழுங்கு

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபரைப் பற்றி எழுதுவோர் பலர், அவர் நடத்திய ஃபிங்கன்வால்டே போதகர் பயிற்சி இல்லத்தைக் கட்டுப்பாட்டின் காலமாகவும், டேகல் சிறையிலிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்குக் கடிதம் எழுதிய நாட்களைச் சுதந்திரச் சிந்தனையின் காலமாகவும் பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சிறைக் கடிதங்களில் தெரியும் நட்பு, பயிற்சி இல்லத்தில் பழகிய ஜெப ஒழுங்கில் வேரூன்றியது. அந்த ஒழுங்கு நண்பர்களை நெருங்க வைத்தது. ஒருவர் மற்றவரை விழுங்கிவிடாமலும் தடுத்தது.

நாஜிகளுக்குப் பணிய மறுத்த அறிக்கைத் திருச்சபை 1935 ஏப்ரலில் இந்த இல்லத்தைப் பால்டிக் கரையிலுள்ள ட்சிங்ஸ்டில் தொடங்கி, சில வாரங்களில் ஃபிங்கன்வால்டேவுக்கு மாற்றியது. காலையில் அரைமணி நேர மௌன தியானம்; வாரம் முழுவதும் ஒரே வேதபகுதி. புதிதாக வந்த மாணவர்கள் இதில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இன்னொரு விதியும் இருந்தது. இதிலெல்லாம் துறவு மடத்தின் வாடை அடிப்பதாக இறையியலாளர் கார்ல் பார்த் ஐயப்பட்டார். ஐயம் நியாயமானதே. ஆனால் புறங்கூறாமையை விதியாக்கியவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருவிருந்துக்கு முன் சகோதரர் ஒருவரிடம் தனியே பாவ அறிக்கை செய்யலாம் என்று போன்ஹோஃபர் சொன்னபோது மாணவர்கள் சங்கடப்பட்டார்கள்; லுத்தரன் சபைகளில் அது வழக்கொழிந்திருந்தது. பிறகு ஒருநாள், இயக்குநரான அவரே, இதில் பழக்கமில்லாத மாணவர் ஒருவரிடம் தம் அறிக்கையைக் கேட்கும்படி வேண்டினார். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கை செய்வதையும் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆசிரியர், மாணவர் என்ற படிநிலை நிற்காது. பெர்லின் மனநல மருத்துவப் பேராசிரியரின் மகனான போன்ஹோஃபருக்கும் கிராமப் போதகரின் மகனான மாணவர் பெத்கேவுக்கும் நட்பு வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

1939இல் வெளியான ‘சேர்ந்து வாழ்தல்’ நூலில் போன்ஹோஃபர் மன்றாட்டு ஜெபத்துக்கு மையமான இடம் தருகிறார். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரை வெறுக்க முடியாது என்பது அவர் கருத்து. பலரும் இதையே மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே நூலின் வேறொரு எச்சரிக்கை: உணர்ச்சி சார்ந்த அன்பு மற்றவரைத் தனக்கென்று கைப்பற்றப் பார்க்கும், ஆவிக்குரிய அன்போ கிறிஸ்துவை நடுவில் நிறுத்தி மற்றவரை விடுவிக்கும். இதை எழுதியவருக்கு இது வெறும் கோட்பாடாக இருந்திருக்காது. பெத்கேவும் அவரும் ஒரே வங்கிக் கணக்கு வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசுகளைக்கூட இருவர் பெயரிலும் கொடுத்தார்கள். அவர் எச்சரித்த ஆபத்து அவருடைய பக்கத்திலேயே இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1943 ஏப்ரல் 5 அன்று போன்ஹோஃபர் கைதானார். அடுத்த மாதமே பெத்கே அவருடைய சகோதரியின் மகள் ரெனாட்டேயை மணந்தார். நவம்பரில், காவலர் உதவியோடு கள்ளத்தனமாக நண்பருக்கு எழுதத் தொடங்கிய போன்ஹோஃபரின் முதல் வேண்டுகோள் கவனிக்கத்தக்கது: ஆராதனையும் பாவ அறிக்கையும் திருவிருந்தும் இல்லாத மாதங்களுக்குப் பின், முன்புபோலவே தமக்குப் போதகராக இருந்து கேட்கும்படி அவர் பெத்கேவிடம் கேட்டார். அடுத்த ஜனவரியில் இருவரும் நட்பின் உரிமையைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். திருமணத்துக்கும் இரத்த உறவுக்கும் சமூகம் தரும் அங்கீகாரம் நண்பனுக்குக் கிடையாது. கைதியின் கடிதம் குடும்பத்துக்கு வருவது இயல்பாகக் கருதப்படும், நண்பனுக்கு அப்படி இல்லை என்பது பெத்கேவின் குறை. நட்பு சுதந்திரத்தின் வெளியைச் சேர்ந்தது என்று போன்ஹோஃபர் பதில் எழுதினார். பதில் அழகானது, போதுமானதல்ல. உரிமையில்லாத உறவு தூரத்தையும் தணிக்கையையும் எப்படித் தாங்கியது என்பதற்கு அதில் விடையில்லை.

விடை அவர்களுடைய அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. மொராவிய சபையார் 1731 முதல் அச்சிட்டுவரும் தினவசன நூல் இருவருக்கும் பொதுவானது. பெத்கே இத்தாலியில் போர்வீரர், போன்ஹோஃபர் சிறையில். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றதற்கு மறுநாள், 1944 ஜூலை 21 அன்று, போன்ஹோஃபர் எழுதிய கடிதம் முந்தைய நாளின், அன்றைய நாளின் வசனங்களில் மகிழ்ச்சி கொள்கிறது. சதியில் தமக்குள்ள பங்கு எப்போது வெளியாகுமோ என்ற நிலையிலிருந்தவர் நண்பரிடம் ஆறுதல் கேட்டுக் கெஞ்சவில்லை. இருவர் கையிலும் இருந்த வசனத்தைச் சுட்டினார்.

அதே ஆண்டு ஏப்ரல் 30 கடிதத்தின் ‘மதமற்ற கிறிஸ்தவம்’ என்ற கேள்வியையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். ஜெபத்தை விட்டு வெளியேறியவரின் குரலாக அதைக் கேட்போர், அக்கடிதமே ஆதிச்சபையின் மறைவொழுங்கை, அதாவது விசுவாசத்தின் மறைபொருள்களை வெளியாரிடமிருந்து காத்த வழக்கத்தைப் பற்றி வினவுவதைக் கடந்துபோகிறார்கள். அந்தக் கேள்வியை அவர் பொதுவில் வைக்கவில்லை. தம் பாவ அறிக்கையைக் கேட்கும் உரிமை பெற்ற ஒருவரிடம் வைத்தார்.